பழைய ஃபிளாட் வாங்கினால் 9% பத்திரச் செலவு: இதை யாராவது மாற்றுவார்களா?

வேளச்சேரி வாடகைவாசி:
நானும் மனைவியும் வேளச்சேரிப் பக்கம் ஒரு பழைய ஃபிளாட்டை 60 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. அதாவது 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். இதில் என்னைக் கடுப்பேற்றுவது தொகை கூட இல்லை, அது எந்தப் பையிலிருந்து போகிறது என்பதுதான். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் என்றால் வீட்டின் மதிப்பில் 80% வரைதான் தரலாம், அந்த மதிப்பில் பத்திரச் செலவைச் சேர்க்கக் கூடாது. (10 லட்சத்துக்கு உட்பட்ட வீடு என்றால் சேர்க்கலாமாம். சென்னையில் அந்த விலைக்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.) ஆக வங்கி 48 லட்சம், நாங்கள் 12 லட்சம், அதற்கு மேல் இந்த 5.4 லட்சமும் எங்கள் தலையில். கைக்காசில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பத்திரத்துக்கே போய்விடுகிறது. என் ஆபீஸில் வீடு வாங்கிய பாதிப் பேர் இதற்காகத்தான் நகையை அடகு வைத்தார்கள், மீதிப் பேர் பர்சனல் லோன் எடுத்தார்கள். வரி கட்டக் கடன் வாங்கி, அந்தக் கடனுக்கு வட்டியும் கட்டுவது எந்த ஊர் நியாயம்? குறைக்க வேண்டும் என்பது என் கட்சி. மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

தாம்பரம் பத்திரக்காரர்:
சார், இந்தத் தொழிலில் ரொம்ப வருடமாக இருக்கிறேன், கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வழிகாட்டி மதிப்பு என்று, அரசு தெருவாரியாகப் போட்டு வைத்திருக்கும் மதிப்பு ஒன்று இருக்கிறது, விலையா வழிகாட்டி மதிப்பா, எது அதிகமோ அதற்குத்தான் தீர்வை. 2012 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பைத் தாறுமாறாக ஏற்றினார்கள், அதற்கு ஈடாக முத்திரைத்தீர்வையை 8லிருந்து 7 ஆக்கினார்கள். பதிவுக் கட்டணம் அப்போது 1%. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33% குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பைப் பழையபடி ஏற்றிவிட்டு, பதிவுக் கட்டணத்தை 4லிருந்து 2 ஆக்கினார்கள். பேப்பரில் 'பதிவுக் கட்டணம் பாதியாகக் குறைப்பு' என்றுதான் வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2012 மதிப்பில் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதலில் 8 ரூபாய் கட்டினோம். 2017க்குப் பிறகு 67 ரூபாய்க்கு 11%, அதாவது 7 ரூபாய் 37 காசு. 2023க்குப் பிறகு மறுபடி 100 ரூபாய்க்கு 9%, அதாவது 9 ரூபாய். குறைத்ததாகச் சொன்ன அன்றுதான் ஏறியது. இது வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போடுகிறவர்களுக்கு. பேங்க் லோனுக்காக முழு விலையையும் பத்திரத்தில் காட்டியவர்கள் 2017லிருந்து 2023 வரை முழு விலைக்கும் 11% கட்டினார்கள், அவர்களைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

அப்புறம் மதிப்பை ஏற்றிய அந்த 2023 சுற்றறிக்கை, பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிற முறையைப் பின்பற்றவில்லை என்று 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. முறைப்படி மறுபடி செய்து 2024 ஜூலை 1 முதல் புது மதிப்பு வந்தது. இறங்கியிருக்கும் என்று நினைக்காதீர்கள்.

அம்பத்தூர் ராசா:
60 லட்சத்துக்கு வீடு வாங்குகிறவருக்கு 5 லட்சம் கஷ்டமா? எங்கள் ஏரியாவில் வாடகை கட்டவே திண்டாடுகிறார்கள். பதிவுத்துறை 2022-23ல் 17,000 கோடிக்கு மேல் வசூலித்தது. ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலம் தானாக விகிதம் முடிவு செய்கிற வரி என்று மிச்சம் இருப்பது பெரும்பாலும் பெட்ரோல், டாஸ்மாக், வண்டி, பத்திரம்தான். அதில் ஒன்றைக் குறைத்தால் வேறு எதை ஏற்றுவார்கள்? பேருந்துக் கட்டணத்தையா? மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போகிறதே, அதை நிறுத்துவார்களா? வீடு வாங்குகிறவர்கள் சங்கம் வைத்துப் பேசுகிறீர்கள், வாங்கவே முடியாதவன் சார்பில் யாராவது பேச வேண்டுமே என்று வந்தேன்.

வேளச்சேரி வாடகைவாசி:
அம்பத்தூர் அண்ணே, நானும் வாடகைக்குத்தான் இருக்கிறேன், பெயரிலேயே போட்டிருக்கிறேனே. பணக்காரன்தான் கட்டுகிறான் என்றால் நானும் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் இதைப் பாருங்கள். அடையாறில் 2 கோடி மதிப்புள்ள வீட்டை அப்பா தன் மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவைத்தால் முத்திரைத்தீர்வை 1%, அதற்கும் உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. மொத்தம் 50,000 ரூபாயில் வேலை முடிந்தது. உயில் எழுதி வைத்துவிட்டுப் போனால் அதுவும் இல்லை, எஸ்டேட் டியூட்டியை 1985லேயே எடுத்துவிட்டார்கள். சொத்தே இல்லாத குடும்பத்தில் பிறந்து, சம்பளத்தில் முதல் தடவையாக 60 லட்சத்துக்கு இரண்டு பெட்ரூம் வாங்குகிறவன் 5.4 லட்சம் கட்டுகிறான். யாரிடம் வாங்கி யாருக்குச் சலுகை கொடுக்கிறோம்? வாங்கவே முடியாதவன் நாளைக்கு வாங்க வரும்போதும் இதே 9% தானே நிற்கும்?

அம்பத்தூர் ராசா:
அப்படியென்றால் செட்டில்மெண்ட்டுக்கு ஏற்றச் சொல்லுங்கள், நான் வேண்டாம் என்றா சொன்னேன். குறைக்கச் சொல்லும்போது மட்டும் எல்லோருக்கும் உற்சாகம் வருகிறது.

கீழ்க்கட்டளை அக்கா:
செட்டில்மெண்ட்டில் ஏற்றினால் பாதிப் பெண்களுக்குச் சொத்தே வராது, அதை முதலில் யோசியுங்கள். இப்போதே 'கல்யாணத்துக்குத்தான் செய்தாச்சே' என்று தங்கச்சிகளிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். செலவும் கூடினால் சாக்கு இன்னும் வசதி.

பெண்களுக்குச் சலுகை என்று 2025 ஏப்ரலில் ஒன்று கொடுத்தார்களே, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 10 லட்சம் வரையிலான சொத்துக்கு மட்டும். அதிகபட்ச மிச்சம் 10,000 ரூபாய். சென்னை எல்லைக்குள் 10 லட்சத்துக்கு என்ன இருக்கிறது? ஊர்ப்பக்கம் மனை வாங்குகிறவர்களுக்கு உதவும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டெல்லியில் ஆணை விடப் பெண்ணுக்கு 2% குறைவு என்று முத்திரைத்தீர்வையிலேயே வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். 2024 மத்திய பட்ஜெட்டிலும் தீர்வை அதிகமாக உள்ள மாநிலங்கள் குறைக்க வேண்டும், பெண்களுக்கு இன்னும் குறைக்கப் பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னார்கள். நம்மிடம் வந்து சேர்ந்தது இந்தப் பத்தாயிரம்.

தம்பி, நீங்கள் வாங்கும் ஃபிளாட்டை இரண்டு பேர் பெயரிலும் பதிகிறீர்களா? சலுகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதியுங்கள்.

வேளச்சேரி வாடகைவாசி:
இரண்டு பேர் பெயரிலும்தான் அக்கா. லோனும் இரண்டு பேர் சம்பளத்தில்தான்.

மேடவாக்கம் புரோக்கர்:
எல்லோரும் புத்தகத்தில் இருப்பதைப் பேசுகிறீர்கள். நடப்பதை நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தனி வீடு, மனை விஷயத்தில் 80 லட்சத்துக்கு முடிந்த பேரம் பத்திரத்தில் 45 என்று வரும், அதுதான் அங்கே வழிகாட்டி மதிப்பு. மீதி பையில். 35 லட்சத்துக்கு 9% போட்டால் 3 லட்சத்து 15 ஆயிரம் வாங்குகிறவருக்கு மிச்சம், விற்கிறவருக்கு மூலதன ஆதாய வரி மிச்சம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள். லோன் போடுகிறவருக்கு இந்த வசதி கிடையாது, பத்திரத்தில் என்ன விலையோ அதற்குத்தான் பேங்க் கடன். ஆக யார் கையில் ரொக்கம் இருக்கிறதோ அவர் குறைவாகக் கட்டுகிறார், யார் கையில் இல்லையோ அவர் முழுசாகக் கட்டுகிறார். விகிதத்தை 5% ஆக்குங்கள், பாதிப் பேர் முழு விலையையும் காட்டிவிடுவார்கள். 9% இருக்கும்வரை நாங்கள் பை தூக்கத்தான் வேண்டியிருக்கும்.

நங்கநல்லூர் பென்ஷனர்:
'பை தூக்கத்தான் வேண்டியிருக்கும்' என்பதை இவ்வளவு பெருமையாக எழுதுகிறீர்களே ஐயா. நாளைக்கு வாங்கியவர் அந்த வீட்டை விற்கும்போது வாங்கிய விலை 45 என்றுதான் கணக்கில் வரும், ஆதாயம் முழுவதும் அவர் தலையில் விடியும். 2024 ஜூலைக்குப் பிறகு வாங்குகிறவர்களுக்கு இண்டெக்ஸேஷனும் (விலைவாசிக்கு ஏற்ப வாங்கிய விலையைக் கூட்டிக் காட்டும் சலுகை) கிடையாது, 12.5% நேரடியாக.

தாம்பரம் பத்திரக்காரர்:
புரோக்கர் சொல்வது ஓரளவு உண்மை, ஆனால் 5% ஆக்கினால் எல்லோரும் உத்தமராகிவிடுவார்கள் என்பதை நான் நம்பவில்லை. விற்கிறவருக்குக் கறுப்பில் வாங்குவதற்கு மூலதன ஆதாய வரி என்ற காரணம் தனியாக இருக்கிறது, அது மாநில அரசு கையில் இல்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. சில தெருக்களில் வழிகாட்டி மதிப்பு சந்தை விலையை விட அதிகம். ஏரிக்கரை, சந்துக்குள் இருக்கும் மனை, எல்லாவற்றுக்கும் மெயின் ரோட்டு விலையைப் போட்டு வைத்திருப்பார்கள். அங்கே வாங்குகிறவர் இல்லாத விலைக்குத் தீர்வை கட்ட வேண்டும், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் பத்திரம் தனித்துணை ஆட்சியரிடம் போய்விடும், முடிகிற வரை மூலப் பத்திரம் கைக்கு வராது. அது மட்டுமில்லை, வழிகாட்டி மதிப்பு விலையை விட 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் அந்த வித்தியாசத்தை வாங்குகிறவரின் வருமானமாகப் பார்த்து வருமான வரியும் கேட்பார்கள். சதவீதத்தைக் குறைப்பதை விட முதலில் தெருவாரியாக மதிப்பைச் சரி செய்யுங்கள் என்பேன்.

கான்பெரா ரிட்டர்ன்:
சில வருடம் ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் இருந்தேன். அங்கே 2012ல் ஒரு முடிவு எடுத்தார்கள்: வீடு வாங்கும்போது கட்டும் தீர்வையை 20 வருடத்தில் படிப்படியாக ஒழித்துவிட்டு, நிலத்தின் மதிப்பில் வருடா வருடம் கட்டும் வரியைக் கூட்டுவது. வீடு மாறுகிறவனைத் தண்டிக்காமல் நிலம் வைத்திருக்கிற எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது என்பது யோசனை. சென்னைக்கு இது ரொம்பப் பொருந்தும். அம்பத்தூரில் வீடு வாங்கியவனுக்குச் சிறுசேரியில் வேலை மாறினால் வீட்டை மாற்றுவதில்லை, தினமும் ஊரைச் சுற்றுகிறான், ஏனென்றால் விற்று வாங்கினால் மறுபடி 9%. முதியவர்கள் மூன்று பெட்ரூம் வீட்டிலேயே தனியாக இருக்கிறார்கள், சின்ன ஃபிளாட்டுக்கு மாறினால் செலவு என்று. காலி மனையைப் பூட்டிப் போட்டு விலை ஏறட்டும் என்று காத்திருப்பவனுக்கோ பெரிய செலவு ஒன்றும் இல்லை.

நங்கநல்லூர் பென்ஷனர்:
தம்பி, அந்த மூன்று பெட்ரூம் முதியவர் நான்தான், அதனால் பதில் சொல்கிறேன். நான் வீடு மாறாதது பத்திரச் செலவால் இல்லை, ஆஞ்சநேயர் கோயிலும் பக்கத்து வீட்டுக்காரர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். அதை விடுங்கள். நீங்கள் சொல்கிற வருடாந்தர வரி நம் ஊரில் என்ன ஆகும் தெரியுமா? சென்னை மாநகராட்சியின் பழைய பகுதிகளில் சொத்து வரியை 1998ல் மாற்றினார்கள், அப்புறம் நிலைக்கும்படி 2022ல்தான் மாற்றினார்கள். நடுவில் 2018ல் ஏற்றியதையும் 2019ல் நிறுத்திவைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் துணிச்சல். கடைசியில் வைத்தபோது 600 சதுர அடிக்குள் இருந்தால் 50%, 1,800க்கு மேல் போனால் 150% என்று ஒரே அடியாக ஏற்றினார்கள், எவ்வளவு சத்தம்! எனக்கு வரும் பென்ஷனில் வீட்டின் இன்றைய மதிப்புக்கு வருடா வருடம் வரி கட்டச் சொன்னால் வீட்டின் ஒரு சுவரை விற்றுத்தான் கட்ட வேண்டும். பத்திரச் செலவு ஒரு தடவையோடு போகிறது, அதுவும் கையில் பணம் புரள்கிற நேரத்தில்.

கான்பெரா ரிட்டர்ன்:
சார், பென்ஷனருக்கு விற்கும்வரை தள்ளிவைக்கும் வசதி கொடுக்கலாம். ஆனால் அரசியல் பற்றிச் சொன்னீர்கள் பாருங்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதே ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸில் முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு 'ஒரே தடவையா, வருடா வருடமா, நீங்களே தேர்ந்தெடுங்கள்' என்று 2023 ஆரம்பத்தில் கொண்டுவந்தார்கள், ஆட்சி மாறியதும் அதே வருடம் நடுவில் எடுத்துவிட்டார்கள்.

அம்பத்தூர் ராசா:
அந்த 7 சதவீதத்தில் 2% உள்ளாட்சிக்குப் போகிறது என்பதையும் யாராவது சொல்லுங்கள். முத்திரைத்தீர்வை 5, அதன் மேல் சொத்து மாற்று வரி 2. மாநகராட்சி, பஞ்சாயத்துகளுக்கு உரிய பங்கு அது. மழைநீர் வடிகால் இல்லை என்று டிசம்பரில் திட்டுவதும் நீங்கள்தான், பங்கைக் குறைக்கச் சொல்வதும் நீங்கள்தான்.

வேளச்சேரி வாடகைவாசி:
சரி, 7ஐ விட்டுவிடுகிறேன், ஒரு பேச்சுக்கு. அந்த 2% பதிவுக் கட்டணத்தைப் பாருங்கள். வரி என்றால் வரி. கட்டணம் என்றால் செய்த வேலைக்குக் கூலி. 20 லட்சம் பத்திரத்தை ஸ்கேன் செய்து, கைரேகை எடுத்து, போட்டோ பிடிப்பதற்கும் 60 லட்சம் பத்திரத்துக்கு அதையே செய்வதற்கும் என்ன வித்தியாசம்? எனக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். மகாராஷ்டிராவில் பதிவுக் கட்டணத்துக்கு 30,000 என்று உச்சவரம்பு. நம் ஊரிலேயே செட்டில்மெண்ட்டுக்கு 10,000 உச்சவரம்பு இருக்கிறதே, அதே அலுவலகம், அதே ஊழியர், அதே ஸ்கேனர்.

இரண்டாவது, புது ஃபிளாட்டுக்குக் கொடுத்திருக்கும் சலுகை. 2023 டிசம்பரிலிருந்து புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை 6%, 3 கோடி வரை 7%, அதற்கு மேல்தான் 9%. நான் பில்டரிடம் புதிதாக 2.9 கோடிக்கு வாங்கினால் 7%. இன்னொரு சாதாரண ஆளிடம் பழைய ஃபிளாட்டை 40 லட்சத்துக்கு வாங்கினாலும் 9%. பழையதை வாங்குகிறவன் என்ன பாவம் செய்தான்?

மேடவாக்கம் புரோக்கர்:
புதியதை வாங்கினால் கட்டும்போதே ஜிஎஸ்டி 5% இருக்கிறது சார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டி முடித்த சான்றிதழ் வந்த பிறகு வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை, ஆனால் பில்டர் அதை விலையில் ஏற்றியிருப்பார். 60 லட்சத்துக்கு 7ம் 5ம் சேர்த்து 7 லட்சத்து 20 ஆயிரம்.

அதோடு அது சலுகையா என்பதே சந்தேகம். முன்பெல்லாம் பிரிபடாத நிலப் பங்குக்கு மட்டும்தான் கிரையப் பத்திரம், கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம், அதற்கு 2% தான். 60 லட்சம் ஃபிளாட்டில் நிலப் பங்கு 15 லட்சம், ஒப்பந்தம் 30 லட்சம் என்று காட்டினால் இரண்டு லட்சத்தை ஒட்டி முடியும். 2023 ஜூலையில் அந்த 2ஐ 4 ஆக்கினார்கள், டிசம்பரில் மொத்த விலைக்கும் ஒரே பத்திரம் என்றார்கள். இப்போது 4 லட்சத்து 20 ஆயிரம்.

கீழ்க்கட்டளை அக்கா:
50 லட்சத்தில் இருக்கும் அந்தப் படி இன்னும் மோசம். 50க்கு வாங்கினால் 3 லட்சம், 51க்கு வாங்கினால் 3 லட்சத்து 57 ஆயிரம். ஒரு லட்சம் விலை கூடியதற்கு 57,000 கூடுதல் செலவு. வருமான வரி மாதிரி, மேலே போகும் தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று வைப்பதற்கு என்ன கஷ்டம்? சாப்ட்வேர்தானே கணக்குப் போடுகிறது.

அம்பத்தூர் ராசா:
உச்சவரம்பு வைக்கச் சொல்கிறீர்களே, யாருக்கு லாபம் என்று கணக்குப் போட்டீர்களா? உங்களுக்கு 90,000 மிச்சம். போட் கிளப்பில் 20 கோடிக்கு வாங்குகிறவருக்கு 40 லட்சம் போய் 30,000 ஆகிவிடும். ஏழைக்குப் பேசுகிறேன் என்று ஆரம்பித்துக் கோடீஸ்வரனுக்கு முடித்து வைத்துவிட்டீர்கள் தம்பி.

வேளச்சேரி வாடகைவாசி:
ஒத்துக்கொள்கிறேன் அண்ணே, நல்ல அடி. அப்படியென்றால் ஒரு கோடி வரைதான் அந்த உச்சவரம்பு, அதற்கு மேல் இப்போதிருக்கும் 2% அப்படியே. கூடவே முதல் வீட்டுக்கு, புதியதோ பழையதோ, 75 லட்சம் வரை மொத்தமே 5%. போகும் வருமானத்தை 3 கோடிக்கு மேல் இரண்டாவது, மூன்றாவது வீடு வாங்குகிறவர்களிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் பத்திரக்காரர்:
முதல் வீடு என்பதை யார் பார்ப்பது சார்? வில்லங்கச் சான்று சர்வே நம்பருக்குத்தான் வரும், ஆளுக்கு வராது. ஒருவர் பெயரில் தமிழ்நாடு முழுக்க என்ன சொத்து இருக்கிறது என்று சார்பதிவாளரால் ஒரு பட்டனில் பார்க்க முடியாது. மத்திய அரசின் ஆவாஸ் வீட்டுத் திட்டத்தில் மாதிரி 'எங்கள் குடும்பத்துக்கு வேறு பக்கா வீடு இல்லை' என்று உறுதிமொழி வாங்கலாம். வாங்கினால் என்ன ஆகும்? மூன்றாவது வீட்டை மாமியார் பெயரில் முதல் வீடாக வாங்குவார்கள். பான் நம்பர் வாங்குகிறோம், அதை வைத்துத் தேட வழி செய்தால் ஓரளவு பிடிக்கலாம். பழைய பத்திரங்களில் பான் கிடையாது, அது ஒரு ஓட்டை.

கான்பெரா ரிட்டர்ன்:
ஓட்டை இருந்தாலும் பரவாயில்லை என்பேன். இப்போதிருக்கும் முறையில் செட்டில்மெண்ட் என்ற கதவே திறந்து கிடக்கிறது.

ஆனால் தற்காலிகக் குறைப்பு மட்டும் வேண்டாம். மகாராஷ்டிராவில் 2020ல் கொரோனா நேரத்தில் 5ஐ 2 ஆக்கினார்கள், டிசம்பர் வரைக்கும்தான் என்றார்கள். டிசம்பரில் மும்பை பதிவு அலுவலகங்களில் கூட்டம் அலைமோதியது. அடுத்த மூன்று மாதம் 3%, ஏப்ரலில் பழையபடி. அடுத்த வருடம் வாங்க இருந்தவர்கள் அந்த வருடமே வாங்கினார்கள். பில்டர்களின் தேங்கிய சரக்கு தீர்ந்தது.

அம்பத்தூர் ராசா:
ஒரு கோடி வரை உச்சவரம்பு, 3 கோடிக்கு மேல் ஏற்றம். இதை மனுவாக எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். முதல் வீட்டு 5 சதவீதத்துக்குப் போட மாட்டேன், மாமியார்கள் எல்லாம் வீட்டுக்காரி ஆகிவிடுவார்கள். உள்ளாட்சியின் 2 சதவீதத்திலும் கை வைக்கக் கூடாது.

வேளச்சேரி வாடகைவாசி:
கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் அண்ணே. அந்த 5 சதவீதத்துக்கு உங்களோடு இன்னும் சண்டை போடுவேன்.

பத்திரக்காரர் சார், ஒரு சந்தேகம். 60 லட்சம் என்பதால் டிடிஎஸ் பிடிக்க வேண்டுமாமே?

தாம்பரம் பத்திரக்காரர்:
ஆமாம் சார், 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 1%. 60,000 ரூபாய். இது உங்கள் கூடுதல் செலவு இல்லை, விற்கிறவருக்குத் தரும் பணத்தில் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டிவிட்டு அவருக்குச் சான்று கொடுக்க வேண்டும். விற்கிறவர் வெளிநாட்டில் வசிக்கிறவர் என்றால் கணக்கே வேறு, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். பழைய வருமான வரி முறையில் இருக்கிறீர்கள் என்றால் இந்த 5.4 லட்சத்தில் ஒன்றரை லட்சம் வரை அந்த வருடமே கழித்துக்கொள்ளலாம், பிஎஃப், எல்ஐசி எல்லாம் சேர்த்துத்தான் அந்த வரம்பு.